யோபுவின் குரலைக் கேட்டவர்: புனித எரோணிமுஸ்

திருவிவிலியம் இன்று நம் கைக்கு எளிதாக வந்துவிட்டது. அதற்காகத் தம் கண்ணொளியைச் செலவிட்ட பெரியோரை நன்றியோடு நினைக்கிறோம். அவர்களுள் சிறந்தவர் புனித எரோணிமுஸ்.

கி.பி. 347-ஆம் ஆண்டளவில் தல்மாத்தியாவின் எல்லையிலிருந்த ஸ்திரிதோன் ஊரில் பிறந்தார். உரோமையில் இலத்தீன் இலக்கியம் பயின்றார். சிரியாவின் கால்கிஸ் பாலைவனத்தில் தவமிருந்தபோது, அலைபாயும் மனத்தை அடக்க, கிறிஸ்தவரான யூதர் ஒருவரிடம் எபிரேயம் கற்கத் தொடங்கினார். பலமுறை சோர்ந்து கைவிட்டு, மீண்டும் தொடர்ந்தார். 382-இல் உரோமைக்கு வந்து திருத்தந்தை தமாசுஸுக்குச் செயலராகப் பணியாற்றினார். 386 முதல் பெத்லகேமே அவர் இல்லமாயிற்று.

அக்காலத்து இலத்தீன் யோபு நூலில் 700 அல்லது 800 வரிகள் விடுபட்டிருந்தன. எனவே மூல நூலையே நாடினார். லித்தா ஊர் யூத ஆசிரியர் ஒருவருக்குப் பெரும் பணம் கொடுத்துப் பாடம் கேட்டார். நூலின் தொடக்கம் உரைநடை என்றும், யோபு தாம் பிறந்த நாளைச் சபிக்கும் இடத்திலிருந்து செய்யுள் என்றும் எடுத்துக்காட்டினார். இறுகப் பிடிக்கப் பிடிக்க நழுவும் விலாங்கு மீனுக்கு அந்நூலை ஒப்பிட்டார். துன்புறும் மனிதனின் பேச்சும் அப்படிப்பட்டதுதானே? ஒரு நேரம் நம்பிக்கை, ஒரு நேரம் புலம்பல், ஒரு நேரம் கடவுளோடு வழக்கு!

ஏட்டில் படித்த துன்பம் அவர் வாசலுக்கும் வந்தது. 404-இல் உற்ற துணையாயிருந்த புனித பவுலா மறைந்தார். 410-இல் அலாரிக்கின் படை உரோமையைச் சூறையாடியது. எசேக்கியேல் நூலுக்கு உரை எழுத முனைந்திருந்தவர் துயரத்தால் வாயடைத்துப்போனார். நேற்றுவரை செல்வராயிருந்தோர் பெத்லகேமில் உணவுக்குக் கையேந்தி நின்றனர். எழுத்தை ஒதுக்கிவைத்து அகதிகளைக் கவனித்தார். மறைநூலைச் சொல்லால் விளக்குவதைவிடச் செயலால் விளக்கவேண்டிய நேரம் அது என்று கண்டார். இரவில் விளக்கொளியில், மங்கிய கண்களோடு உரையைத் தொடர்ந்தார். கடுஞ்சினமும் சுடுசொல்லும் உடையவர்தாம். ஆயினும் அழுவோரைக் கைவிட்டவரல்லர். 420, செப்டம்பர் 30-இல் இறைவனடி சேர்ந்தார்.

நம் பங்கிலும் துக்க வீடுகள் உண்டு. பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம், எல்லாம் கடவுள் சித்தம் என்று அவசரமாகச் சொல்லிவிடுவோரும் உண்டு. யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் பேசாமல் அவரோடு தரையில் அமர்ந்திருந்தவரை நல்ல நண்பர்களே. விளக்கம் சொல்லத் தொடங்கியபோதுதான் தவறினர். இறுதியில் ஆண்டவரின் சினம் அவர்கள்மேல்தான் மூண்டது. ஆகவே, அழுகிறவர்களின் முறையீட்டை அவநம்பிக்கை என்று எண்ணவேண்டாம். இவ்வாண்டு ஒவ்வொரு குடும்பமும் யோபு நூலை முழுவதும் வாசிக்கவும், துக்க வீட்டில் உடன் அமர்ந்திருக்கவும் அன்போடு அழைக்கிறோம்.

புனித எரோணிமுஸே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.