யார் இந்த பி.ஏ.சி.ராமசாமி ராஜா? ராஜபாளையத்துப் பிள்ளைகளுக்குத் தொழில் வழி காட்டியவரின் கதை

ராஜபாளையத்தில் பி.ஏ.சி.ஆர். என்று சொன்னாலே போதும், ஆட்டோக்காரர் பாலிடெக்னிக் வாசலில் கொண்டுபோய் நிறுத்திடுவார். ராம்கோ குழுமத்தைத் தொடங்கிய பி.ஏ.சி.ராமசாமி ராஜாவின் பெயர் அது. அவருக்கும் தொழிற்கல்விக்கும் என்ன சம்பந்தம்? சுருக்கமாகப் பார்ப்போம்.

மழையை நம்பிய ஊர்

ராமசாமி ராஜா 1894-ல் ராஜபாளையத்தில் பிறந்தார். மேற்குத் தொடர்ச்சி மலை பக்கத்திலேயே இருந்தாலும், ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் கண்மாய் நிரம்பினால்தான் நெல். மற்றபடி கரிசலில் மானாவாரிப் பருத்திதான். மழை பொய்த்தால் வீட்டில் வளர்ந்த பிள்ளைகளுக்கு வேலையே கிடையாது.

பருத்தி நல்லா விளைஞ்சாலும் பெரிய லாபம் இல்லை. மதுரையிலும் விக்கிரமசிங்கபுரத்திலும் ஹார்வி சகோதரர்களின் மில்கள் 19-ம் நூற்றாண்டிலேயே ஓடத் தொடங்கிவிட்டன. பஞ்சு இங்கே, அதை நூலாக்கும் கூலி அங்கே என்பதுதான் நிலைமை.

1936: ஊர்ப் பணத்தில் மில்

இதை மாற்றத்தான் 1936-ல் ராஜபாளையம் மில்ஸ் தொடங்கப்பட்டது. பங்கு என்றால் என்னவென்றே பலருக்குத் தெரியாத காலம். உள்ளூர் மக்களிடமே பேசிப் பங்குப் பணம் திரட்டினார் ராமசாமி ராஜா. 1939-ல் ராமராஜு சர்ஜிகல் காட்டன் மில்ஸ் வந்தது. பக்கத்தில் உள்ள சத்திரப்பட்டி இன்றைக்கும் பேண்டேஜ் துணிக்குப் பேர்போன ஊர்.

மில் வந்தால் போதுமா?

போதாது. பஞ்சைச் சுத்தம் செய்வது, சிக்கெடுப்பது, ஓடுற மெஷினில் அறுந்த நூலை நொடியில் ஒட்டுவது என ஒவ்வொன்றும் தனி வேலை. ஏர் பிடித்துப் பழகிய கைக்கு இதெல்லாம் புதுசு. அந்தக் காலத்தில் மேஸ்திரி பக்கத்தில் நின்று பார்த்துப் பழகுவதுதான் படிப்பு. ஆனால் மெஷின் நின்றுபோனால் சரிசெய்ய ஃபிட்டர் வேணும், மோட்டார் எரிந்தால் எலெக்ட்ரீஷியன் வேணும். அதை வெறுமனே பார்த்துப் பழக முடியாது.

1957-ல் அவர் மெட்ராஸ் சிமெண்ட்ஸ் நிறுவனத்தைத் தொடங்கியபோது இந்தத் தேவை இன்னும் கூடியது. விருதுநகர் அருகே ஆர்.ஆர்.நகரில் ஆலை எழுந்தது. அதே காலத்தில் நாடு முழுக்கவும் இதே பேச்சுதான். கைத்தொழிலாளர் பயிற்சித் திட்டம் 1950-ல் வந்து ஐ.டி.ஐ.கள் பரவின. தொழில் பழகுநர் சட்டம் 1961-ல் வந்தது.

அவர் பார்க்காத பாலிடெக்னிக்

1962-ல் ராமசாமி ராஜா காலமானார். பொறுப்பு 27 வயதான மகன் பி.ஆர்.ராமசுப்பிரமணிய ராஜா கைக்கு வந்தது. அடுத்த வருஷமே, 1963-ல், தந்தை பெயரில் பாலிடெக்னிக் திறக்கப்பட்டது. விவசாயி வீட்டுப் பையன் வெளியூர் போகாமலே டிப்ளமோ முடிக்க வழி பிறந்தது.

இன்றைக்கு ஏன் இது முக்கியம்?

மில்களில் ஆட்டோமேட்டிக் மெஷின்கள் வந்துவிட்டன. நூல் ஒட்டும் ஆட்களின் தேவை குறைய, மெஷினைப் புரிந்துகொண்டு பழுது பார்ப்பவர்களின் மதிப்பு கூடுகிறது. காட்டிலும் அப்படித்தான். பம்ப்செட், சொட்டுநீர், டிராக்டர் எல்லாத்துக்கும் மெக்கானிக் தேவை. ஷிப்ட் முடிந்து வந்து சொந்த நிலத்தையும் பார்த்துக்கொள்ளும் குடும்பங்களுக்கு, கைத்தொழில்தான் மழை இல்லாத வருஷத்தைத் தாண்ட வைக்கிறது.

10-ம் வகுப்பு முடித்தால் 3 வருஷ டிப்ளமோவில் சேரலாம். 10-ம் வகுப்புக்குப் பிறகு 2 வருஷ ஐ.டி.ஐ. முடித்தவர்கள் டிப்ளமோ 2-ம் ஆண்டில் நேரடியாகச் சேர வழி உண்டு. டிப்ளமோ முடித்தவர்கள் பி.இ. 2-ம் ஆண்டிலும் சேரலாம். பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. என்றால் படிப்பு அதோடு முடிந்தது என்று நினைத்துப் பிள்ளைகளைத் தடுக்கும் பெற்றோர் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.