காயங்களைப் படித்த வேட்டைக்காரர்

முதலில் ஒரு சிறு கேள்வி.

காட்டில் ஒருவர் ஒரு மானைக் குறிபார்த்துச் சுடுகிறார். குண்டு அதன் பின்னங்காலில் படுகிறது. மான் விழவில்லை. புதருக்குள் பாய்ந்து மறைந்துவிடுகிறது. பொழுது சாய்ந்துவிட்டது. சுட்டவர் கொஞ்ச தூரம் பார்த்துவிட்டு வீட்டுக்குத் திரும்பிவிடுகிறார். ஒரு வாரத்தில் அதை மறந்தும் விடுகிறார். அந்த மான் என்ன ஆகும்?

பல மான்கள் புண் சீழ்பிடித்து இறந்துவிடும். சில மான்கள் பிழைத்துக்கொள்ளும். நாக்கு எட்டும் இடமாக இருந்தால் புண்ணை நக்கி நக்கியே சுத்தம் செய்யும். உடைந்த எலும்பு கோணலாகக் கூடும். நொண்டிக்கொண்டே மேயும். அதோடு முடிந்ததா? இல்லை. புள்ளிமான், கடமான் போன்றவற்றில் ஆண் மானின் கொம்பு அவ்வப்போது விழுந்து புதிதாக முளைக்கும் என்று நீங்கள் படித்திருப்பீர்கள். மானின் ஒரு பின்னங்காலில் பலத்த காயம் பட்டால், பெரும்பாலும் அதற்கு எதிர்ப்பக்கத்துக் கொம்பு கோணலாகவோ குட்டையாகவோ முளைக்கும். வலது கால் காயத்துக்கு இடது கொம்பு சாட்சி சொல்கிறது! சுட்டவர் மறந்தாலும் மானின் உடம்பு மறப்பதில்லை.

காட்டு விலங்கின் உடம்பில் இருக்கும் பழைய காயங்களை, நாம் பாடப்புத்தகம் படிப்பதுபோல் படித்தவர் ஒருவர் இருந்தார். அவரே ஒரு வேட்டைக்காரர்தான். அவர் பெயர் ஜிம் கார்பெட்.

கவட்டையும் காட்டுப் பாடமும்

எட்வர்டு ஜேம்ஸ் கார்பெட் 1875-ம் ஆண்டு ஜூலை 25-ந் தேதி, இமயமலை அடுக்கில் உள்ள நைனிடால் நகரில் பிறந்தார். இன்று அது உத்தரகண்ட் மாநிலத்தில் இருக்கிறது. தந்தை கிறிஸ்டோபர் அவ்வூர் போஸ்ட் மாஸ்டர். வீடு நிறையப் பிள்ளைகள். ஜிம்முக்கு ஆறு வயது நிரம்பும் முன்பே தந்தை இறந்துவிட்டார். தாய் மேரி ஜேன்தான் எல்லோரையும் ஆளாக்கினார்.

குளிர்காலம் வந்தால் குடும்பம் மலையடிவாரத்தில் உள்ள காலாதுங்கி என்ற ஊருக்கு இறங்கிவிடும். அங்கே வீட்டை ஒட்டியே காடு. சிறுவன் ஜிம்முக்கு அண்ணன் டாம் ஒரு கவண் கொடுத்தார். நம் ஊரில் கவட்டை என்போமே, அதுதான். பின்னர் ஒரு குழல் வெடித்துப்போன பழைய இரட்டைக்குழல் துப்பாக்கி கைக்கு வந்தது.

ஆனால் துப்பாக்கியைவிடக் காதும் கண்ணும்தான் அவருக்குப் பெரிய ஆயுதங்கள். புள்ளிமான் எச்சரிக்கைக் குரல் கொடுத்தால் அருகே புலியோ சிறுத்தையோ இருக்கலாம் என்று தெரிந்துகொண்டார். கேளையாடு எனப்படும் சிறு மான் நாய்போலக் குரைத்தால் எந்தத் திசையில் ஆபத்து என்று கணித்தார். பறவைகள், குரங்குகள், மான்கள் ஆகியவற்றின் குரல்களை அப்படியே எழுப்பவும் கற்றுக்கொண்டார். மண்ணில் பதிந்த குளம்பு அடையாளத்தைப் பார்த்து, அந்த மான் நடந்ததா, ஓடியதா, நொண்டியதா என்றும் சொல்லிவிடுவார்.

வறுமை காரணமாகக் கல்லூரிப் படிப்புக்கு வழியில்லை. பதினெட்டு வயதை ஒட்டி ரயில்வே வேலைக்குப் போனார். பிறகு கங்கைக் கரையில் உள்ள மொகாமா காட் என்ற இடத்தில், ரயில் சரக்குகளை ஏற்றி இறக்கும் ஒப்பந்ததாரராக இருபது ஆண்டுகளுக்கும் மேல் உழைத்தார். கூலித் தொழிலாளர்களோடு சேர்ந்து தானும் மூட்டை சுமந்தார். விடுமுறை கிடைத்தால் காட்டுக்கு ஓடிவிடுவார்.

உடைந்த இரண்டு பற்கள்

1907-ம் ஆண்டு. சம்பாவத் என்ற மலைப் பகுதியே நடுங்கிக்கொண்டிருந்தது. ஒரு பெண்புலி நேபாளத்தில் சுமார் 200 பேரைக் கொன்றது. அங்கிருந்து விரட்டப்பட்டு இந்தியப் பகுதிக்கு வந்து மேலும் 236 பேரைக் கொன்றுவிட்டது. மொத்தம் 436 உயிர்கள்! உங்கள் வகுப்பில் 40 பேர் என்று வைத்துக்கொண்டால், பத்து வகுப்பறைகளுக்கும் மேலான மனிதர்கள். பெண்கள் விறகு பொறுக்கப் போக முடியவில்லை. விளைந்த கதிரை அறுக்க ஆளில்லை.

அரசாங்கம் கார்பெட்டின் உதவியைக் கேட்டது. அவர் இரண்டு நிபந்தனைகள் விதித்தார். புலியின் தலைக்கு அறிவித்த பரிசுப் பணத்தை ரத்து செய்ய வேண்டும். மற்ற வேட்டைக்காரர்களைத் திரும்ப அழைத்துக்கொள்ள வேண்டும். பணத்துக்காகக் கொல்பவர் என்ற பெயர் அவருக்கு வேண்டாம்.

ஊர் மக்கள் ஏறத்தாழ 300 பேர் மலைமுகட்டில் நின்று தகரம் தட்டி, பறை அடித்து, கூச்சலிட்டுப் புலியைக் கலைத்தார்கள். பள்ளத்தாக்கில் காத்திருந்த கார்பெட் சுட்டார். கையிலிருந்த மூன்று தோட்டாக்களும் தீர்ந்தன. அடிபட்ட புலி இன்னும் விழவில்லை. அவர் ஓடிப்போய்த் தாசில்தாரின் துப்பாக்கியை வாங்கிவந்து முடித்தார்.

மக்கள் மகிழ்ச்சியில் கூத்தாடினார்கள். கார்பெட்டோ இறந்த புலியின் வாயைத் திறந்து பார்த்தார். வலது பக்கத்து மேல் கோரைப்பல் பாதியாக உடைந்திருந்தது. கீழ்க் கோரைப்பல் எலும்புவரை உடைந்திருந்தது. அது பழைய துப்பாக்கிக் காயம்! எப்போதோ யாரோ சுட்ட குண்டு வாயில் பட்டிருக்கிறது. புலி பிழைத்துக்கொண்டது. ஆனால் கடமானின் கழுத்தைக் கவ்விப் பிடிக்கக் கோரைப்பல் வேண்டுமே! அது இல்லாமல் மானையும் பன்றியையும் அதனால் பிடிக்க முடியவில்லை. வேகமாக ஓடத் தெரியாத, கொம்பும் குளம்பும் இல்லாத மனிதன்தான் அதற்கு எளிதாகக் கிடைத்தான்.

சுட்டவர் யார்? அவர் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. அவருடைய ஒரு குண்டுக்கு 436 குடும்பங்கள் அழுதன. தப்பி ஓடிய புலியை அன்றே தேடிப்போய் அதன் வேதனையை முடித்திருந்தால் இத்தனை உயிர்கள் போயிருக்குமா?

காயத்தோடு வாழ்ந்த சிறுத்தை

தைப்பூசத்துக்கு நம் மதுரைப் பக்கத்து மக்கள் பழநிக்குப் பாதயாத்திரை போகிறார்கள் அல்லவா? அதுபோல இமயமலையில் கேதார்நாத், பத்ரிநாத் கோயில்களுக்கு அந்தக் காலத்தில் நடந்தே போவார்கள். அந்த வழியில் உள்ள ருத்ரபிரயாகையில் 1918 முதல் 1926 வரை ஒரு சிறுத்தை 125 பேரைக் கொன்றது. யாத்திரிகர்கள் இரவில் கதவைச் சாத்திக்கொண்டு, மூச்சு விடவும் அஞ்சிக் கிடந்தார்கள்.

1921-ல் அந்த ஊரின் தொங்குபாலத்தைக் கடந்தபோது சிறுத்தையைச் சுட்டார்கள். ரத்தத் துளிகள் தெரிந்தன. செத்திருக்கும் என்று நம்பித் தேடினார்கள். அதுவோ பிழைத்து, மேலும் ஐந்து ஆண்டுகள் வாழ்ந்தது. 1926 மே மாதம், பல இரவுகள் கண்விழித்துக் காத்திருந்த கார்பெட், ஒரு மாமரத்தின் மேலிருந்து அதைச் சுட்டு வீழ்த்தினார். மறுநாள் உடலைப் பார்த்தபோது பின்னங்காலில் பழைய குண்டுக் காயம் இருந்தது. ஒரு விரலும் நகமும் இல்லை. தலையிலும் பல தழும்புகள். பொழுது விடிந்து பார்த்தால், ஊரே பேய் என்று பயந்தது ஒரு வயதான, காயம்பட்ட சிறுத்தை!

இப்படியே ஒவ்வொரு ஆட்கொல்லியின் உடலையும் கார்பெட் பார்த்தார். முக்தேஷ்வர் புலிக்கு ஒரு கண் இல்லை. முன்னங்காலில் சுமார் ஐம்பது முள்ளம்பன்றி முட்கள் குத்தியிருந்தன. 1938-ல், தமது 63-ம் வயதில், தாக் என்ற ஊரில் அவர் சுட்ட புலியின் உடலில் இரண்டு பழைய துப்பாக்கிக் காயங்கள் இருந்தன. புலி மனிதனைத் தின்னப் பிறந்ததல்ல என்று அவர் கண்டறிந்தார். அப்படி மாறுவதற்குப் பத்தில் ஒன்பது பங்கு காரணம் காயம். ஒரு பங்கு முதுமை. அந்தக் காயங்களில் பலவற்றை உண்டாக்கியவன் மனிதனே.

துப்பாக்கி போய் கேமரா வந்தது

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். கார்பெட் ஆட்கொல்லிகளை மட்டும் சுட்டவர் அல்ல. யாருக்கும் தீங்கு செய்யாத, பவல்கர் காட்டின் பெரிய ஆண்புலியை 1930-ல் அவர் வேட்டையாடினார். அந்தக் காலத்தில் அது பெருமையாகக் கருதப்பட்டது. ஆனால் வயது ஏற ஏற அவர் மனம் மாறியது. புலித்தோல் ஒருவருக்குத்தான் சொந்தம். புலியின் படமோ எல்லோருக்கும் மகிழ்ச்சி தரும் என்று உணர்ந்தார்.

கேமராவைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குப் போனார். அப்போதைய சினிமா கேமரா கரகரவென்று சத்தம் போடும். புலி ஓடிவிடுமே! அதனால் ஓர் ஓடையில் குட்டிக் குட்டி அணைகள் கட்டினார். நீர் விழும் ஓசையில் கேமராவின் சத்தம் அடங்கியது. ஏழு புலிகளை அப்படிப் படம் பிடித்தார்.

பள்ளிகளுக்குச் சென்று மாணவர்களிடம் காட்டைப் பற்றிப் பேசினார். இந்தியாவின் முதல் தேசியப் பூங்கா 1936-ல் அவருடைய ஊருக்கு அருகே உருவானபோது அதற்குத் துணை நின்றார். 1944-ல் வெளிவந்த குமாவூன் ஆட்கொல்லிகள் பற்றிய அவருடைய புத்தகம் உலகெங்கும் படிக்கப்பட்டது.

1947-ல் தமக்கை மேகியுடன் ஆப்பிரிக்காவின் கென்யா நாட்டுக்குக் குடியேறினார். சாரணர் இயக்கத்தைத் தோற்றுவித்த பேடன் பவல் வாழ்ந்த வீட்டில்தான் இவர்களும் வாழ்ந்தார்கள். 1955 ஏப்ரல் 19-ல் கார்பெட் மறைந்தார். அவர் மறைவுக்குப் பின் அந்த தேசியப் பூங்காவுக்கு அவர் பெயரே வைக்கப்பட்டது. 1973-ல் புலிகளைக் காக்கும் திட்டம் தொடங்கியதும் அங்கேதான். வேட்டைக்காரர் ஒருவரின் பெயரில் விலங்குகளுக்கு ஒரு புகலிடம்!

மானுக்காக யார் பேசுவார்?

நம் மதுரையிலிருந்து சுமார் 75 கி.மீ. தூரத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர் இருக்கிறது. அங்குள்ள மலைக்காடுகள் 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டன. புலி இருக்க வேண்டுமானால் கடமான் இருக்க வேண்டும். 1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் மான் வேட்டையைக் குற்றம் என்கிறது. ஆனாலும் கள்ளத்தனமாகச் சுருக்குக் கம்பி வைப்பவர்களும், பழத்துக்குள் வெடிமருந்து வைக்கும் அவுட்டுக்காய்க்காரர்களும் இன்னும் இருக்கிறார்கள். அதில் சிக்கித் தப்பும் விலங்குகள் வாழ்நாள் முழுதும் அந்தக் காயத்தோடு அலைகின்றன.

புலியின் காயம் வெளியே தெரிந்தது. அது மனிதரைக் கொன்றதால் கார்பெட் போன்ற ஒருவர் வந்து அதன் வாயைத் திறந்து பார்த்தார். மான் யாரையும் கொல்வதில்லை. நொண்டிக்கொண்டு, கோணல் கொம்போடு, கூட்டத்தின் கடைசியில் மெதுவாக வரும். அதற்கு என்ன நேர்ந்தது என்று கேட்க யாரும் வருவதில்லை.

எனவே, பிள்ளைகளே! கையில் கவட்டையும் கல்லும் இருக்கும்போது, மரத்தில் அணிலையும் தெருவில் நாயையும் பார்த்தால் ஒரு நொடி யோசியுங்கள். கல்லை வீசிவிட்டு நீங்கள் சாப்பிடப் போய்விடுவீர்கள். கல் பட்ட உயிர் அந்த வலியோடு எங்கே போகும்? எத்தனை நாள் நொண்டும்? காலம் முழுதும் காட்டில் திரிந்த கார்பெட், இறந்த விலங்குகளின் உடலில் படித்துக்கொண்ட பாடம் இதுதான். நாம் அதைக் கல்லை எடுக்கும் முன்பே படித்துவிடலாம்.