அடுக்கி வைத்த அறிஞர்

சீர்காழி என்றவுடன் நம்மவர் நெஞ்சில் முதலில் எழுபவர் ஞானசம்பந்தர். அதே ஊரில் 1892ஆம் ஆண்டு பிறந்த இன்னொருவரை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? உலகெங்குமுள்ள நூலகத் துறையினர் அவரை அறிவர். ஆகஸ்டுத் திங்கள் 12ஆம் நாளை நூலகர் நாள் என்று இந்நாடு கொண்டாடுவது அவர் பொருட்டே. அவர்தாம் சீர்காழி இராமாமிர்தம் இரங்கநாதன். காரியவட்டத்தில் கணிப்பொறி பயிலும் நான் நூலகர் ஒருவரைப் பற்றி எழுதப் புகுந்தது ஏன் என்று தோழர்கள் கேட்கலாம். காரணம் பின்னால் வரும், சற்றே பொறுத்தருள்க.

ஆறு வயதில் தந்தையை இழந்தவர் அவர். உள்ளூர்ப் பள்ளியில் பயின்று, சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கணிதத்தில் முதுகலைப் பட்டம் பெற்றார். மங்களூரிலும் கோவையிலும், பின்னர்ச் சென்னை மாநிலக் கல்லூரியிலும் ஆசிரியராய் அமர்ந்தார். 1924 சனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகர் ஆனார். அதுவும் உவந்து ஏற்ற பதவியன்று. மாணவர் ஆரவாரத்திலே பழகியவருக்கு அந்தத் தனிமை பொறுக்கவில்லை. சில நாட்களிலேயே பழைய வேலையைத் திரும்பக் கேட்டுப் போய் நின்றார். இலண்டன் சென்று நூலகப் பயிற்சி பெற்று வரட்டும், அதன் பின்னும் மனம் ஒட்டவில்லையானால் ஆசிரியப் பணி அவருக்கே என்று உடன்பாடாயிற்று. அவர் திரும்பி வந்தபின் அப்பேச்சே எழவில்லை.

இலண்டனில் நடந்தது என்ன? அமெரிக்கர் டூயி 1876இல் வகுத்த முறைதான் அன்று பெரும்பாலான நூலகங்களில் இருந்தது. எல்லாத் துறைகளையும் முன்கூட்டியே பட்டியலிட்டு எண் கொடுத்துவிடுவது அது. பட்டியலில் இல்லாத புதுப்பொருள் வந்தால்? எங்கேனும் ஓர் இடுக்கில் செருக வேண்டியதுதான். இரங்கநாதனுக்கு இது உறுத்திற்று. ஒருநாள் செல்ஃப்ரிட்ஜ் கடையில் மெக்கானோ என்னும் விளையாட்டுப் பொருளைக் கண்டார். சில பட்டைகள், சில திருகாணிகள். அவற்றைக் கொண்டே வண்டியும் செய்யலாம், பாலமும் செய்யலாம். ஆயத்தமான எண்கள் எதற்கு? துண்டுகளைக் கொடுத்துவிட்டால் போதுமே! 1925இல் தாயகம் திரும்பும் கப்பலிலிருந்த நூல்களை வைத்தே தம் முறையைச் சோதித்துப் பார்த்தார். 1933இல் அது கோலன் பகுப்புமுறை என்னும் நூலாக வெளிவந்தது.

ஓர் எடுத்துக்காட்டு. எல் என்னும் எழுத்து மருத்துவம், 45 நுரையீரல், 421 காசநோய், 44 இந்தியா. இந்தியாவில் நுரையீரல் காசநோய் பற்றிய நூலுக்கு இவற்றைக் கோத்தால் எண் பிறக்கிறது. கோக்கும் வரிசைக்கும் விதியுண்டு: எதைப் பற்றியது என்பது முன்னே, அதற்குச் செய்யும் செயல் பின்னே, இடமும் காலமும் கடைசியில். ஆனால் நூல் அலமாரியில் ஓரிடத்தில்தானே இருக்கும்? நுரையீரல் என்று தேடி வருபவன் என் செய்வான்? அதற்காகவே சங்கிலி அட்டவணை கண்டார். எண்ணின் ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சீட்டு: காசநோய், நுரையீரல், மருத்துவம் என்று ஒன்று; நுரையீரல், மருத்துவம் என்று மற்றொன்று. சீட்டுகள் அகரவரிசையில் நிற்கும். எந்தச் சொல்லோடு வந்தாலும் வழி கிடைக்கும்.

இனி என் காரணம். முன்னர்ப் பயின்றோர் விட்டுச் சென்ற மழையளவுக் கணக்கு நிரல் ஒன்று எங்கள் மூவர் கைக்கு வந்தது. ஒரே கோப்பில் ஆறாயிரம் வரிகள், இருநூறுக்கும் மேற்பட்ட புரொசீஜர்கள். எழுதியவர் வேலைக்குச் சென்றுவிட்டார். எங்களுக்கோ ஆறு வாரமே தவணை. எடிட்டர் பெயர்களை அகரவரிசையில் காட்டத்தான் செய்கிறது. ஆனால் எல்லாப் பெயர்களும் வினையிலே தொடங்கின: படி, எழுது, சரிபார். படி என்று தொடங்குவன மட்டும் நாற்பது! மழை பற்றியவை பட்டியல் முழுதும் சிதறிக் கிடந்தன. பாளையத்தில் நூலக அறிவியல் பயிலும் அறைத்தோழர்தாம் பொருளை முன்னே வை என்றார். மழை-படி, மழை-சரிபார், மழை-எழுது என்று மாற்றினோம். அழைக்கும் இடங்களைக் கருவியே திருத்திக்கொண்டது. அகரவரிசைப் பட்டியலே அலமாரியாயிற்று! உறவுடையவற்றைக் கோப்பிலும் அடுத்தடுத்து வைத்து, தலைப்பில் ஒரு சிறு சங்கிலி அட்டவணை எழுதினோம். கோப்பைப் பல துண்டாக்கலாமே என்பார் உளர். ஆக்கலாம், எது எதனோடு சேரும் என்று தெரிந்த பிறகு.

இது வலிந்து பொருத்திய ஒப்புமையன்று. 1949இல் இயங்கத் தொடங்கிய கேம்பிரிட்ஜ் எட்சாக் பொறிக்குத் துளையிட்ட தாள்நாடாக்களில் சிறு நிரல்களைச் சேமித்தனர். அத்தொகுப்புக்கு நூலகம் என்றே பெயர். எழுத்திட்டுப் பிரித்தும் வைத்தனர்: பி அச்சிடுதல், எஸ் மூலம் காணல்.

குறையில்லாத முறையும் அன்று இரங்கநாதனுடையது. எண் நீண்டு, மெல்லிய நூலின் முதுகில் ஒட்ட இடமில்லாமற் போகும். இந்திய நூலகங்கள் பலவும் இன்றும் டூயியையே பின்பற்றுகின்றன. ஆயினும் பொருளைக் கூறு கூறாகப் பிரித்துத் தேடும் அவர் எண்ணம் உலகெங்கும் ஊன்றிவிட்டது. இணையக் கடையில் சட்டையின் நிறம், அளவு, விலை என்று தனித்தனியே தெரிவு செய்கிறோமே, அதுவும் அவ்வழிப்பட்டதே.

1931இல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் வகுத்தார். படிப்பவரின் நேரத்தைக் காக்க வேண்டும் என்பது அவற்றில் நான்காவது. நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும் உயிர் என்பது ஐந்தாவது. 1948இல் சென்னை மாநிலத்தில் பொது நூலகச் சட்டம் நிறைவேறியதில் அவர் உழைப்புப் பெரிது. காசியிலும் தில்லியிலும் கற்பித்தார். தம் சேமிப்பிலிருந்து ஓர் இலட்சம் ரூபாயைச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு வழங்கி, மனைவி சாரதாவின் பெயரும் இணைந்த பேராசிரியர் பதவி ஒன்றை நிறுவச் செய்தார். நூலகர் வேலை பிடிக்கவில்லை என்று திரும்பிப் போனவரின் சேமிப்பு அது! எழுபதாம் வயதில், 1962இல், பெங்களூரில் ஆவணப்படுத்தல் ஆய்வு மையத்தைத் தொடங்கினார். 1965இல் தேசிய ஆராய்ச்சிப் பேராசிரியர் ஆனார். 1972 செப்டம்பர் 27இல் அந்நகரிலேயே மறைந்தார்.