அகராதி தந்த பெப்ரிசியுஸ் ஐயர்



அகராதி என்றதும் நமக்கு வீரமாமுனிவர் ஞாபகம் வருவார். சதுரகராதி நாம் படித்ததுதானே! அவரைப் போலவே தமிழுக்கு உழைத்த இன்னொருவரைப் பற்றி இப்போ பார்ப்போம்.

யோகான் பிலிப் பெப்ரிசியுஸ் 1711 ஜனவரி 22-ல் ஜெர்மனியில் பிறந்தார். முதலில் சட்டம் படித்தார். அப்புறம் அதை விட்டுவிட்டு இறையியல் படித்தார். 1740-ல் கப்பலில் தரங்கம்பாடிக்கு வந்து தமிழ் கற்றார். 1742 கடைசியில் சென்னையில் இருந்த லுத்தரன் சபைக்குப் போதகராக வந்தார். அந்தச் சபையில் போதகரை ஐயர் என்றுதான் கூப்பிடுவாங்க.

அப்போதே சென்னை பெரிய பட்டணம். பிழைப்புத் தேடிப் பல ஊர் ஜனங்கள் வந்து சேர்ந்த இடம். தமிழ், தெலுங்கு, போர்ச்சுக்கீசியம் எல்லாம் ஒரே தெருவில் கேட்கும். இப்படிப்பட்ட ஊரில் ஜெபம் செய்ய ஒரு கட்டடம் மட்டும் இருந்தால் போதாது. பள்ளிக்கூடம் வேண்டும், ஜனங்களுக்குப் புரியும் மொழியில் புத்தகம் வேண்டும். ஐயர் இரண்டுக்கும் பாடுபட்டார்.

ஆனால் யுத்தம் அவரைச் சும்மா விடவில்லை. 1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தார்கள். ஐயர் பழவேற்காட்டுக்குப் போய்த் தங்கினார். 1749-ல் ஊர் ஆங்கிலேயர் கைக்குத் திரும்பியது. அதன்பின் வேப்பேரியில் சபைக்கு இடம் கிடைத்தது. 1758-ல் பிரெஞ்சுப் படை மறுபடி வந்தது. வேப்பேரி கொள்ளை போனது. ஐயர் மறுபடி முதலில் இருந்து ஆரம்பித்தார். 1780-ல் நம்ம காஞ்சிபுரம் பக்கத்துப் புள்ளலூரில் ஐதர் அலி படை ஆங்கிலேயரை ஜெயித்ததே, அந்த யுத்தத்தையும் அவர் பார்த்தார்.

1761-ல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்தபோது அங்கிருந்த அச்சு இயந்திரத்தைக் கொண்டுவந்தார்கள். அது வேப்பேரிக்கு வந்தது. அதில்தான் 1779-ல் தமிழ் - ஆங்கில அகராதி அச்சானது. சுமார் 9,000 சொற்கள்! உடன் உழைத்தவர் பிரைத்தாப்ட் ஐயர். பைபிளையும் பெப்ரிசியுஸ் ஐயர் தமிழில் மொழிபெயர்த்தார். எழுதியதைப் படித்தவர்களிடமும் படிக்காதவர்களிடமும் வாசித்துக் காட்டுவார். அவர்களுக்குப் புரியவில்லை என்றால் திருத்துவார். எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான்.

இவ்வளவு நல்லவர் ஒரு விஷயத்தில் ஏமாந்துவிட்டார். சபைப் பணத்தையும், மற்றவர்கள் நம்பிக் கொடுத்து வைத்த பணத்தையும் வட்டிக்குக் கொடுத்தார். வாங்கியவர்கள் திருப்பித் தரவில்லை. ஐயர் கடனாளி ஆனார். வயதான காலத்தில் சிறைக்கும் போனார். 1788-ல் சபைப் பொறுப்பு கெரிக்கே ஐயரிடம் போனது. 80 வயது முடிந்த மறுநாள், 1791 ஜனவரி 23-ல், பெப்ரிசியுஸ் ஐயர் இறந்தார்.

சிறைக்குப் போனவரைப் பற்றி ஏன் எழுதுகிறாய் என்று என் தோழி கேட்டாள். நல்ல மனசு இருந்தாலும் அடுத்தவர் பணத்துக்குச் சரியான கணக்கும் ஜாக்கிரதையும் வேண்டும். அதை நாம் மறைக்கக் கூடாது. ஆனால் அந்த ஒரு தப்புக்காக 48 வருஷ உழைப்பை மறப்பதும் நியாயம் இல்லை. கடன் அவரோடு போனது. அகராதி நம்மோடு இருக்கிறது. சென்னை புரசைவாக்கத்தில் அவர் பெயரில் ஒரு பள்ளிக்கூடமும் இருக்கிறது.

நாமும் தினம் ஒரு புதுச் சொல் கற்போம்!

– 9-ஆம் வகுப்பு மாணவி, திருப்புட்குழி