பதவியை விட்டு எழுந்த நாகூர் நீதிபதி

நாகூர் என்றதும் தர்காவும் அதன் மினாராக்களும்தான் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு நினைவுக்கு வரும். காவிரியின் கிளையான வெட்டாறு கடலில் கலக்கும் அந்த ஊரில், அன்றைய ஒன்றுபட்ட தஞ்சை மாவட்டத்தில், 1921 பிப்ரவரி 8 அன்று பிறந்தவர் மர்ஹூம் நீதிபதி மு.மு. இஸ்மாயில். அவரைக் கம்பராமாயண அறிஞராக அறிந்தவர்கள் பலர். இந்தியாவின் மிக முக்கியமான அரசியல் சாசன வழக்கு ஒன்றில் அவர் பெயரும் இருப்பதை அறிந்தவர்கள் சிலரே.

சென்னையில் வழக்கறிஞராக இருந்தவர், 1967-ல் முதலில் டெல்லி உயர் நீதிமன்றத்துக்கும் அதே ஆண்டில் சென்னை உயர் நீதிமன்றத்துக்கும் நீதிபதியாக வந்தார். நெருக்கடி நிலையின்போது மிசா கைதிகள் சென்னை மத்தியச் சிறையில் அடிக்கப்பட்ட புகாரை விசாரிக்கும் பொறுப்பு பின்னர் அவரிடம் வந்தது. அடித்தது உண்மையே என்று அவருடைய அறிக்கை பதிவு செய்தது. விசாரணையின்றிச் சிறையில் கிடப்பது என்னவென்று தெரிந்த குடும்பங்கள் நம் சமுதாயத்திலும் உண்டு. அந்த அறிக்கையின் மதிப்பை அவர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

1979 நவம்பரில் தலைமை நீதிபதியானார். அடுத்த ஆண்டு சில நாட்கள் தமிழகத்தின் பொறுப்பு ஆளுநராகவும் இருந்தார். 1981 ஜனவரியில் மாற்றல் உத்தரவு வந்தது. இவர் கேரளாவுக்குப் போக வேண்டும். பாட்னா தலைமை நீதிபதி கே.பி.என். சிங் சென்னைக்கு வருவார்.

நெருக்கடி நிலையில் 16 உயர் நீதிமன்ற நீதிபதிகள் ஊர் மாற்றப்பட்டதை நாடு அப்போது மறந்திருக்கவில்லை. அரசுக்குப் பிடிக்காத தீர்ப்பு எழுதினால் மாற்றல் வரும் என்றால், அரசை எதிர்த்து ஒரு ஏழை யாரிடம் போய் நிற்பான்? சிங் தம் மாற்றலை எதிர்த்து வழக்கில் இறங்கினார். இஸ்மாயிலின் மாற்றலை எதிர்த்தும் பிறர் உச்ச நீதிமன்றத்தில் மனுப் போட்டார்கள். அவரோ, தமக்காக யாரும் வழக்காட வேண்டாம் என்று நீதிமன்றத்துக்கே தெரிவித்துவிட்டார். கேரளாவுக்கும் போகவில்லை. ஓய்வுக்கு ஒன்றரை ஆண்டுக்கு மேல் இருக்கும்போதே, அந்த ஜூலையில் பதவி விலகினார்.

கலீஃபா மன்சூர் வற்புறுத்தியும் காழி பதவியை ஏற்காமல் சிறை சென்ற இமாம் அபூ ஹனீஃபா (ரஹ்) அவர்களின் நினைவு இங்கே நமக்கு வருகிறது. இரண்டும் ஒன்றல்ல, இமாம் அவர்கள் உள்ளே போகவே இல்லை, இவர் உள்ளேயிருந்து எழுந்து வந்தார். நின்று போராடியிருக்கலாமே என்று கேட்கலாம். தம் நாற்காலிக்காகத் தாமே வாதியாக நிற்பது நீதிபதிக்கு அழகல்ல என்று அவர் கருதியிருப்பார் என்பது நம் கணிப்பு.

எஸ்.பி. குப்தா வழக்கு என்று அறியப்படும் அந்த வழக்கில் 1981 டிசம்பர் 30 அன்று ஏழு நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். இந்தியத் தலைமை நீதிபதியைக் கலந்து பேசினால் போதும், அவர் இசைவு கட்டாயமில்லை என்றது பெரும்பான்மை. சிங்கின் மாற்றல் செல்லுபடியானது. சென்னைத் தலைமை நீதிபதியின் இருக்கைக்கு அவரே வந்தார்.

அமெரிக்க அரசியல் சாசனச் சட்டத்தின் முதல் பெரிய தீர்ப்பும் இப்படி ஒரு நீதிப் பதவியைப் பற்றியதுதான். மார்பரி என்பவருக்குச் சமாதான நீதிபதி நியமன ஆணை கையெழுத்தாகியும் புதிய அரசு அதைக் கொடுக்கவில்லை. 1803-ல் வந்த தீர்ப்பிலும் அவருக்கு அது கிடைக்கவில்லை. ஆனால், சாசனத்துக்கு முரணான சட்டத்தைச் செல்லாது என்று சொல்லும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு உண்டு என்பது அந்த வழக்கில்தான் நிலைபெற்றது. அங்கே கூட்டாட்சி நீதிபதிகளுக்கு ஓய்வு வயதே கிடையாது.

நம் நாட்டில் 1981 தீர்ப்பை ஒன்பது நீதிபதிகள் அமர்வு 1993-ல் மாற்றியது. நியமனத்திலும் மாற்றலிலும் நீதித்துறையின் கருத்துக்கே முதலிடம் வந்தது. அதிலிருந்து வளர்ந்த கொலீஜியம் முறைமீதும் குறைகள் சொல்லப்படுகின்றன. அது வேறு கதை.

இஸ்மாயில் கம்பனோடு இருந்தார். வாலி வதத்தை ஒரு நீதிபதியின் கண்ணோடு அலசும் மூன்று வினாக்கள் என்ற நூல் அவருடையது. ஒரு முஸ்லிம் இராமாயணம் பேசலாமா என்று கேட்பவர்கள் இன்றும் உண்டு. அவர் இலக்கியத்தை இலக்கியமாகப் படித்தார் என்பதே நம் பதில். சென்னைக் கம்பன் கழகத்தின் தலைவராக நெடுங்காலம் இருந்தவர், 2005 ஜனவரியில் வஃபாத்தானார். அல்லாஹ் அவருடைய பிழைகளைப் பொறுத்து, மண்ணறையை விசாலமாக்குவானாக.