கல் பங்களாவில் ஓர் இல்லறம்

நீலமலைக்கு வழி கண்டவர், உதகை ஏரியைத் தோற்றுவித்தவர் என்று ஜான் சல்லிவனைக் கொங்கு நாட்டார் நன்கு அறிவர். அவர் பெயரோடு சேர்த்து எண்ணத்தக்க மற்றொரு பெயர் உண்டு. அது அவர்தம் துணைவி என்றியட்டா செசிலியாவின் பெயர். ஊரும் ஏரியும் கணவரை நினைவூட்டும் அளவிற்கு மனைவியை நினைவூட்டுவதில்லை. ஆயினும் உதகை ஒரு முகாமாக நின்றுவிடாமல் குடியிருப்பாக மாறியது, அப்பெண்மணி அங்குக் குடிபுகுந்த நாள்முதற்கொண்டே எனல் மிகையன்று.

சல்லிவன் 1788ஆம் ஆண்டு இலண்டனில் பிறந்தார். 1804இல், பதினாறு வயது அளவில், கிழக்கிந்தியக் கும்பினியின் எழுத்தராகப் பணியேற்றுச் சென்னைக்கு வந்தார். பின்னர்க் கோயம்புத்தூரின் கலெக்டராகி, 1830 வரை சற்றேறக்குறைய பதினைந்து ஆண்டுகள் இம்மாவட்டத்தை ஆண்டார். வானம் தெளிந்த நாளில் கோவைச் சமவெளியிலிருந்து வடக்கே நோக்கினால் நீலமலை தெரியும். கண்ணுக்கு அண்மையில் இருந்த அம்மலை காலுக்குச் சேய்மையிலேயே இருந்தது. 1603இல் பெனீசியோ என்னும் பாதிரியார் மேற்குப் புறமாக ஏறி வந்தார். 1818இல் விஷ், கிண்டர்சிலி என்னும் இளம் அலுவலர் இருவர் ஏறி இறங்கி, அங்கு நிலவிய குளிரைப் பற்றி வியந்து உரைத்தனர். மறு ஆண்டு சனவரியில் சல்லிவனே புறப்பட்டார்.

சிறுமுகைப் பக்கமிருந்து தொடங்கிய அவ்வழி, காய்ச்சலுக்குப் பேர்போன அடிவாரக் காட்டைக் கடந்து, செங்குத்தான சரிவுகளில் ஏறிக் கோத்தகிரியை அடுத்த திம்பட்டியை அடைந்தது. சுமை தூக்கியவரும் காடு வெட்டி வழி செய்தவரும் இம்மண்ணின் மக்கள். அவர்தம் பெயர்களை எந்த ஏடும் காத்து வைக்கவில்லை. மலையை வென்றவர் இவர் என ஒருவரை மட்டும் சுட்டும்போது, இதனையும் உடன் நினைத்தல் வேண்டும்.

1820இல் சல்லிவனுக்கும் என்றியட்டாவிற்கும் மணம் நிகழ்ந்தது. இல்லறம் தொடங்கிய அடுத்த சில ஆண்டுகளிலேயே அவ்விணையர் மலையில் வாழ முடிவு செய்தனர். அன்றைய நிலையில் அது துணிந்த முடிவேயாகும். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்குப் புகைவண்டி வந்தது 1899இல். உதகைக்கு வந்தது 1908இல். குன்னூர் வழிச் சாலையே 1830ஐ ஒட்டித்தான் அமைந்தது. மாக்பெர்சன் என்னும் படை அலுவலரின் மேற்பார்வையில் சிறுமுகை வழியில் ஒரு பாதை வெட்டப்பட்டு வந்த காலத்தில், ஏறத்தாழ 7,300 அடி உயரத்தில் இல்லம் அமைக்க முனைந்தார் சல்லிவன். தொதவர்களிடம் ஏக்கர் ஒரு ரூபாய் என நிலம் பெற்று, 1822இல் தொடங்கிய அவ்வீடு அடுத்த ஆண்டில் முடிந்தது. மலைவாழ் மக்கள் அதனைக் கல் பங்களா என்றனர். மண்ணும் மூங்கிலும் புல்லும் கொண்டு வீடு கட்டிய மக்களுக்குக் கல்லாலான அவ்வீடு எத்துணைப் புதுமையாகத் தோன்றியிருக்கும் என்பதை அப்பெயரே காட்டிவிடுகிறது. பின்னாளில் அரசு அலுவலகங்கள் அங்கு இயங்கின. 1955 முதல் அரசு கலைக் கல்லூரி அவ்வளாகத்தில் நடைபெற்று வருகிறது.

நீலகிரியில் வந்து வாழ்ந்த முதல் ஐரோப்பியப் பெண்மணி என்றியட்டாவே என்பர். பேசுதற்குத் தம் மொழி அறிந்த பெண் ஒருவரும் இல்லாத ஊர். மழைக்காலத்தில் பாதை அடைபடும் ஊர். கணவரோ மாவட்டப் பணியின் பொருட்டு அடிக்கடி சமவெளிக்கு இறங்க வேண்டியவர். குறிஞ்சித் திணைக்குப் புணர்தலை உரிப்பொருளாக வகுத்தனர் நம் முன்னோர். இம்மலையிலோ குறிஞ்சி நிலத்திலேயே முல்லையின் இருத்தலும் நேர்ந்திருக்கும் என்று எண்ணத் தோன்றுகிறது.

வீடு முடிந்தபின் ஏரி எழுந்தது. 1823 முதல் 1825 வரை, பள்ளத்தாக்கில் ஓடிய ஓடைகளைக் கரையிட்டுத் தடுத்து அதனை அமைத்தார் சல்லிவன். இயற்கை ஏரி என்று இன்றும் பலர் கருதும் அது, உண்மையில் கோவைக் கலெக்டர் ஒருவர் கட்டிய குளம். நொய்யல் நீரை வாங்கி நிறையும் உக்கடம் பெரியகுளம் போன்ற குளங்களும் அவற்றின் கரைகளும் வாய்க்கால்களும் வேளாண்மைக்கும் வரிக்கும் உயிர்நாடியாய் விளங்கிய மாவட்டத்தை ஆண்டவர்க்கு, ஓடையைக் கண்டதும் கரை கட்டத் தோன்றியதில் வியப்பில்லை. உதகையில் வழிந்த நீர் மோயாற்றை அடைந்து, மோயாறு பவானியில் கலந்து, மீண்டும் கொங்குச் சமவெளிக்கே வருகிறது. அன்றைய ஏரி இன்றுள்ளதினும் பரந்தது. பேருந்து நிலையமும் குதிரைப் பந்தயத் திடலும் பிற்காலத்தில் அதன் பரப்பிலேயே அமைந்தன.

வீட்டைச் சூழத் தோட்டம் வளர்ந்தது. ஜான்சன் என்னும் தோட்டக்காரரின் துணையோடு உருளைக்கிழங்கும் வாற்கோதுமையும் மேலைநாட்டுக் காய்கறிகளும் கனிமரங்களும் பயிராயின. உருளைக்கிழங்கு படுகர்தம் வயல்களில் வேரூன்றி மலையின் வாழ்க்கையையே மாற்றியது.

சல்லிவனின் வாழ்வில் முரண்பாடு ஒன்று உண்டு. மலை நிலம் தொதவர்க்கே முழு உரிமையுடையது. அதனை எடுப்போர் உரிய விலை கொடுத்தல் வேண்டும் என்று விடாது வழக்காடியவர் அவர். தொதவரின் மேய்ச்சல் வெளிக்குள் வெள்ளையர் குடியேறக் கதவைத் திறந்தவரும் அவரே. தாமே பெருநிலம் வைத்திருந்தமையால் அவரது வாதம் ஐயத்திற்கு உள்ளாயிற்று. ஆயினும் இவ்வாதத்தைத் தன்னலம் எனத் தள்ளிவிடுதல் முறையன்று. தாயகம் திரும்பிய பின்னரும், பயன் எதனையும் எதிர்பாராத முதுமையில், கும்பினி ஆட்சி இந்தியாவின் செல்வத்தை வடிப்பதையும் சுதேச அரசுகளைக் கவர்வதையும் அவர் கண்டித்து எழுதினார்.

சென்னை ஆளுநர் லஷிங்டனுடன் ஏற்பட்ட வேற்றுமை முற்ற, 1830இல் உதகை கோவையினின்று பிரிக்கப்பட்டு மலபாருடன் சேர்க்கப்பட்டது, 1843இல்தான் மீண்டது. தாம் தோற்றுவித்த ஊரின்மீது சல்லிவனுக்கு இருந்த ஆட்சி அவ்வாறு கை நழுவியது. பின்னர் அவர் வருவாய் வாரியத்திலும் ஆளுநர் அவையிலும் உயர் பதவிகள் வகித்தார். ஆட்சி போன பின்னும் உதகையின்மீது அக்குடும்பத்திற்கு இருந்த பற்று போகவில்லை.

1838ஆம் ஆண்டு அவ்வில்லறத்தின்மீது இடி விழுந்தது. என்றியட்டாவும் இளமை மாறா மகள் ஹாரியட்டும் அடுத்தடுத்து மறைந்தனர். திப்புவின் சீரங்கப்பட்டண மாளிகை மரங்களைக் கொண்டு எழுப்பப்பட்ட புனித ஸ்டீபன் ஆலயத்தின் கல்லறைத் தோட்டத்தில் இருவரும் அடக்கம் செய்யப்பட்டனர். மூன்று ஆண்டுகளில், 1841இல், சல்லிவன் இங்கிலாந்து திரும்பினார். 1855 சனவரி 16இல் அங்கே மறைந்தார். அவரது கல்லறை இலண்டனுக்கு அருகில், ஸ்லவ் நகரைச் சேர்ந்த அப்டன் என்னும் சிற்றூரின் தேவாலயத்தில் உள்ளது. உதகையில் தாய்க்கும் மகளுக்கும் அருகே அவருக்கு இடமில்லாது போயிற்று.