குதிரையின் இரத்தத்தை அளந்த குருவானவர்

வெள்ளானூரிலும் ஆவடியைச் சுற்றியுள்ள மற்ற ஊர்களிலும் ‘பிரஷர்’ என்ற சொல்லை அறியாத பாட்டிமார் இன்று இல்லை. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், தன்னார்வலப் பெண்மணி வீட்டுக்கே வந்து கையில் ஒரு பட்டையைச் சுற்றிக் காற்றடைத்து, இரண்டு எண்களைக் குறித்துக்கொண்டு போகிறார். இரண்டு நிமிட வேலை. ஒரு துளி இரத்தமும் சிந்துவதில்லை. இந்த அளவை உலகில் முதன்முதலாக எடுத்தவர் ஒரு குருவானவர். அதற்காக ஒரு குதிரை உயிர்விட்டது. அவருடைய வாழ்க்கையையே இங்கே சொல்லப் புகுகிறோம்.

ஸ்டீபன் ஹேல்ஸ் 1677-ஆம் ஆண்டு செப்டம்பர் 17-ஆம் நாள், இங்கிலாந்தின் கெண்ட் மாநிலத்தில் பெக்ஸ்போர்ன் என்ற சிற்றூரில் பிறந்தார். 1696-இல் கேம்பிரிட்ஜ் சேர்ந்து இறையியல் படித்தார். அங்கே அப்போது நியூட்டனின் புகழ் பரவியிருந்த காலம். இறைவன் படைத்த அனைத்தும் எண்ணுக்கும் எடைக்கும் அளவுக்கும் அடங்கியவை, அளந்து பார்த்தால் படைத்தவரின் ஞானம் விளங்கும் என்ற நம்பிக்கை ஹேல்ஸின் மனத்தில் ஆழப் பதிந்தது. 1709-இல் தேம்ஸ் நதிக்கரையிலுள்ள டெடிங்டன் ஊரின் ஆங்கிலிக்கன் கோவிலுக்குக் குருவாக வந்தார். இறக்கும்வரை, ஐம்பது ஆண்டுகளுக்கு மேல், அதே பங்குதான். 1720-இல் மணந்த மனைவி மறு ஆண்டே இறந்துவிட, அவர் மறுமணம் செய்துகொள்ளவில்லை.

டெடிங்டனுக்கு வந்த சில ஆண்டுகளில், ஒரு டிசம்பர் மாதத்தில், அந்தச் சோதனை நடந்தது. ஏறத்தாழ 14 வயதான பெண் குதிரை. தோள்மேட்டில் ஆறாத புண் உடையது. அதை மல்லாக்கப் படுக்கவைத்துக் கட்டினார்கள். பின்தொடையின் தமனியைத் திறந்து ஹேல்ஸ் ஒரு பித்தளைக் குழாயைச் செருகினார். அதனோடு ஒன்பது அடி நீளமுள்ள கண்ணாடிக் குழாயை நிமிர்த்திப் பொருத்தினார். கட்டை அவிழ்த்ததும் இரத்தம் குழாயில் ஏறியது. இதயத்தின் மட்டத்திலிருந்து 8 அடி 3 அங்குல உயரம்வரை ஏறி, ஒவ்வொரு துடிப்புக்கும் எழுந்து தாழ்ந்து நின்றது.

ஊரின் மேல்நிலைத் தொட்டி எவ்வளவு உயரமோ அவ்வளவு வேகத்தில் நம் குழாயில் தண்ணீர் வருகிறது அல்லவா? அதைத் திருப்பி எண்ணிப் பாருங்கள். இரத்தம் எவ்வளவு உயரம் ஏறுகிறதோ, அவ்வளவு அழுத்தத்தோடு இதயம் அதைத் தள்ளுகிறது. நம் பாட்டிக்கு 120 என்று சொல்வதும் உயரக் கணக்குத்தான்: 120 மில்லிமீட்டர் பாதரசம். பாதரசம் மிகக் கனமானது. அதற்குப் பதில் இரத்தத்தையே நிற்கவைத்தால் சுமார் 5 அடி வரும்.

ஹேல்ஸ் அத்துடன் நிறுத்தவில்லை. இரத்தத்தை அளந்து அளந்து வெளியேற்றி, ஒவ்வொரு முறையும் உயரத்தைக் குறித்துக்கொண்டார். இரத்தம் குறையக் குறைய அழுத்தம் இறங்கியது. கடைசியில் குதிரை இறந்தது. விபத்தில் இரத்தம் இழந்தவரின் அழுத்தத்தை மருத்துவர் ஏன் அடிக்கடி பார்க்கிறார் என்பதற்கு விடை அந்தக் குறிப்பிலேயே இருக்கிறது. ஆனால் அது மயக்க மருந்து அறியாத காலம். ஈதர் அறுவை அரங்குக்கு வந்தது 1846-இல்தான். அந்த விலங்கு எல்லா வேதனையையும் உணர்ந்தே இறந்தது. பெரியவர் ஒருவரின் வரலாறு என்பதற்காக இதை மறைத்து எழுத எங்களுக்கு மனமில்லை. பக்கத்து ஊரில் வாழ்ந்த கவிஞர் அலெக்சாண்டர் போப்பும் இதற்காக வருந்தினார். ஹேல்ஸ் நல்லவர் என்று போற்றிய அவரே, நம் பயனுக்காக உயிர்களைக் கொல்ல நமக்கு என்ன உரிமை என்றும் கேட்டார். ஆயினும் தம் உயிலுக்குச் சாட்சியாக ஹேல்ஸையே அழைத்தார்! ஹேல்ஸுக்கும் அந்த வேலை அருவருப்பாகவே இருந்தது. பல ஆண்டுகள் அதை விட்டு விலகியிருந்தார்.

அந்த இடைவெளியில் அவர் செடிகளின் பக்கம் திரும்பியதும் தற்செயலே. வெட்டுண்ட திராட்சைக் கொடியிலிருந்து சாறு வடிவதைத் தடுக்க, தோல்பை ஒன்றை அதன்மேல் இறுகக் கட்டினார். சாறு பையை உப்பச் செய்தது. செடிக்கும் அழுத்தம் உண்டு! 1727-இல் செடிகளைப் பற்றிய நூலும், 1733-இல் குதிரைச் சோதனை அடங்கிய இரத்த நூலும் வெளிவந்தன. பின்னர் கப்பல்களிலும் சிறைகளிலும் மூச்சுத் திணறிக் கிடந்தவர்களுக்காகத் துருத்தி போன்ற காற்றோட்டப் பொறிகளைச் செய்தார். சாராயத்தை எதிர்த்து எழுதினார். தம் ஊருக்கு நல்ல தண்ணீர் கொண்டுவந்தபோது, இரண்டு குவார்ட் பாத்திரம் ஊசலின் மூன்று ஆட்டத்தில் நிரம்பியது என்று பங்குப் பதிவேட்டிலேயே எழுதிவைத்தார். ஊசலின் நீளத்தையும் விடவில்லை! திருமுழுக்கும் திருமணமும் எழுதும் ஏட்டில் இப்படியொரு கணக்கைக் கண்டால் நம் பங்குத்தந்தை என்ன சொல்வாரோ!

அவருக்குப் பின் வந்தவர்களைச் சுருக்கமாகவே சொல்கிறோம். ஒன்பதடிக் குழாய்க்குப் பதில் பாதரசத்தைப் பயன்படுத்தியவர் பிரான்சின் புவாசேய் (1828). 1856-இல் ஃபேவ்ர், கால் துண்டிக்கும் அறுவையின்போது மனிதரின் தமனியில் நேராக அளந்தார். ஏறக்குறைய 120 வந்தது. ஆனால் தலைவலி என்று வருபவரின் தமனியைத் திறக்க முடியுமா? 1896-இல் இத்தாலியின் ரீவா-ரோச்சி, கையைச் சுற்றி இரப்பர்ப் பட்டை கட்டிக் காற்றடைத்து, மணிக்கட்டில் நாடி நிற்கும் இடத்தைப் பாதரசத்தில் பார்த்தார். 1905-இல் ருஷ்யாவின் கொரோட்கோவ், பட்டைக்குக் கீழே ஸ்டெதாஸ்கோப் வைத்து, ஒலி தோன்றும்போது மேல் எண்ணும், மறையும்போது கீழ் எண்ணும் கிடைப்பதைக் கண்டார்.

அப்படியானால் ஹேல்ஸின் வழி மறைந்ததா? இல்லை. பெரிய அறுவைச் சிகிச்சையிலும் தீவிர சிகிச்சைப் பிரிவிலும் இன்றும் மணிக்கட்டுத் தமனியில் மெல்லிய குழாயைச் செலுத்துகிறார்கள். ஒவ்வொரு துடிப்பும் திரையில் அலையாக ஓடுகிறது. பட்டையோ நிமிடங்களுக்கு ஒருமுறைதான் பேசும்; அழுத்தம் மிகவும் விழுந்துவிட்டால் உண்மையைவிடக் கூடுதலாகவும் காட்டிவிடும். அந்த நிலையில் மருத்துவர்கள் நம்புவது உள்ளே இருக்கும் குழாயைத்தான். ஆனால் அதனால் இரத்தக் கசிவும் கிருமித் தொற்றும் இரத்தக் கட்டியும் வரக்கூடும். ஆகவே உயிர் ஊசலாடும் இடத்துக்கு மட்டும் அது. மற்ற அனைவருக்கும் பட்டையே போதும்.

போதும் என்றாலும், பட்டையும் ஏமாறும். பருத்த கைக்குச் சிறிய பட்டையைக் கட்டினால் எண் ஏறிவிடும். மாடிப்படி ஏறி வந்தவுடன் அளந்தாலும், அளக்கும்போது பேசினாலும், காலின்மேல் கால் போட்டிருந்தாலும் அப்படியே. ஐந்து நிமிடம் அமைதியாக அமர்ந்து, முதுகைச் சாய்த்து, கையை மேசைமேல் இதயத்தின் மட்டத்தில் வைக்க வேண்டும். ஹேல்ஸ் தம் 8 அடி 3 அங்குலத்தை இதயத்தின் மட்டத்திலிருந்து அளந்தாரே, அதே காரணம்தான். தன்னார்வலர் வரும் நாளில் பாட்டிமார் அவரிடம் ஊர்க்கதை சொல்லிக்கொண்டே கையை நீட்டுவதைப் பார்க்கிறோம். பேத்திகள் அன்று சற்றே அதட்டலாம்.

ஹேல்ஸ் 1761 ஜனவரி 4-ஆம் நாள் தம் 83-ஆம் வயதில் இறந்தார். அவரை மதித்த இளவரசி அகஸ்டா வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அவருக்கு நினைவுச் சின்னம் எழுப்பினார். அவருடைய உடலோ டெடிங்டனிலேயே, அவர் பணியாற்றிய அந்தச் சிறு கோவிலின் கோபுரத்தின்கீழ் அடக்கம் செய்யப்பட்டது.